நியூஸ் பாக்காம வாழ முடியுமா? புதுசா யோசிக்கிறவங்களுக்கு ஒரு விளக்கம்

நியூஸ் பாக்குறதையே விட்டுட்டேன்னு யாராவது சொன்னா கேக்குறவங்க மூஞ்சி மாறிடும். பொறுப்பில்லாதவன், நாட்டு நடப்பு தெரியாதவன், சுயநலக்காரன்னு மனசுக்குள்ள உடனே ஒரு முத்திரை விழுந்துடும். ஆனா செய்திய தவிர்க்கிறவங்க எண்ணிக்கை உலகம் முழுக்க கூடிக்கிட்டேதான் வருது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்துல இருக்குற ராய்ட்டர்ஸ் இன்ஸ்டிட்யூட் வருஷா வருஷம் பல நாட்டு மக்கள்கிட்ட ஒரு பெரிய சர்வே எடுக்குறாங்க. அதுல சில நேரமோ அடிக்கடியோ செய்திய வேணும்னே தவிர்க்கிறேன்னு சொன்னவங்க 2017-ல 29 சதவீதம், 2022-ல 38, 2025-ல 40. பத்துக்கு நாலு பேரு. ஏன்னு கேட்டா மனசு கெட்டுப் போகுது, அளவுக்கு மீறி வருது, கேட்டும் நம்மால ஒன்னும் பண்ண முடியலன்னு சொல்றாங்க. இதுல நிறைய பேர் தாங்க முடியாதப்ப மட்டும் மூஞ்சிய திருப்பிக்கிட்டு அப்புறம் மறுபடி பாக்குறவங்க. நான் இங்க சொல்லப்போறது இன்னொரு சின்ன கூட்டத்த பத்தி. நல்லா யோசிச்சு, தினசரி செய்திய வாழ்க்கைல இருந்து எடுத்து வெச்சிட்டவங்க. நானும் அதுல ஒருத்தன், அதனால இத வெளிய நின்னு சொல்லல, உள்ள இருந்துதான் சொல்றேன்.

முதல்ல எத விடுறாங்கன்னு தெளிவா பாத்துடலாம், பாதி வாக்குவாதம் இது தெளிவா இல்லாததாலதான் வருது. விடுறது எதன்னா, இப்ப என்ன நடந்துச்சு இப்ப என்ன நடந்துச்சுன்னு நாள் முழுக்க வந்துக்கிட்டே இருக்குற அந்த ஓட்டத்த. டிவில ஓடுற நியூஸ் சேனல், போன்ல டிங்னு வர்ற நோட்டிஃபிகேஷன், ஃபீடுல நாம கேக்காமலே வந்து நிக்கிற தலைப்புகள், குரூப்ல வர்ற ஃபார்வர்டு, சாயங்காலம் நாலு பேரு உக்காந்து கத்துற விவாதம், இதெல்லாம். விடாதது என்னன்னா, ஒரு விஷயத்த பத்தி தெரிஞ்சுக்குறது. வரி விதி மாறுனா அத தேடிப் படிக்கிறோம். நாம இருக்குற இடத்துக்கு புயல் எச்சரிக்கை வந்தா பாக்குறோம். ஒரு நாட்டுல ஏன் போர் நடக்குதுன்னு தெரியணும்னா அதோட நூறு வருஷ கதைய ஒரு புத்தகமா எடுத்து படிக்கிறோம். ஒரு சட்டம் சரியா தப்பான்னு தெரியணும்னா அந்த சட்டத்தையே படிக்கிறோம், அத பத்தி ரெண்டு பேர் போட்ட சண்டைய இல்ல. வித்தியாசம் எங்க இருக்குன்னா, யாரு ஆரம்பிக்கிறாங்கங்குறதுல. செய்தி தானா வந்து உங்க நேரத்த எடுத்துக்குது, மத்தது நீங்க கேள்வி கேட்டா மட்டும் வருது. நியூஸ் இல்லாம வாழ்றதுன்னா, சுருக்கமா சொல்லணும்னா, உங்க கவனம் இன்னைக்கு எங்க போகணும்னு வேற யாரோ முடிவு பண்றத நிறுத்துறது.

இது புதுசா வந்த ஃபேஷனான்னு கேட்டா, இல்ல, ஆனா பிரச்சனையோட அளவு புதுசுதான். ரொம்ப காலம் செய்தி குதிர வேகத்துலயும் கப்பல் வேகத்துலயும்தான் போச்சு, அதனால வந்து சேர்றது ஒன்னு பக்கத்துல நடந்ததா இருக்கும், இல்ல வாரக்கணக்கா பயணம் பண்ணியும் சொல்லத் தகுந்த அளவுக்கு பெருசா இருக்கும். 1844 மே மாசம் சாமுவேல் மோர்ஸ் வாஷிங்டன்ல இருந்து பால்டிமோருக்கு தந்தி அடிச்சார், அதுக்கப்புறம் தூரங்குறது ஒரு தடையாவே இல்லாம போச்சு. எங்கயோ முன்னப்பின்ன தெரியாத ஊர்ல நடந்த தீ விபத்து அடுத்த நாள் காலைல உங்க வீட்டு வாசல்ல. நீல் போஸ்ட்மேன்னு நியூயார்க் பல்கலைக்கழக பேராசிரியர் ஒருத்தர் 1985-ல இத ரொம்ப நல்லா எடுத்துச் சொன்னார். தந்திக்கு முன்னாடி மனுஷனுக்கு தெரிய வந்த விஷயத்துக்கும் அவனால செய்ய முடிஞ்ச விஷயத்துக்கும் நடுவுல ஒரு நெருக்கம் இருந்துச்சு, தந்தி அத பிரிச்சுடுச்சு, தெரியுறது மலையளவு ஆச்சு, செய்ய முடியுறது அப்படியே இருந்துச்சு. இன்னைக்கு காலைல நீங்க பாத்த செய்திகள்ல எத்தனை உங்க இன்னைய நாள மாத்துச்சு, எத வெச்சு நீங்க ஒரு முடிவ வேற மாதிரி எடுத்தீங்கன்னு அவரு கேட்ட கேள்விய நீங்களே உங்கள கேட்டுப் பாருங்க. ரொம்ப பேருக்கு வானிலையத் தவிர ஒன்னும் ஞாபகம் வராது.

அப்பவும் ஒரு எல்லை இருந்துச்சு. பேப்பருக்கு கடைசி பக்கம் இருந்துச்சு, ரேடியோ செய்திக்கு முடியுற நேரம் இருந்துச்சு. 1930 ஏப்ரல் 18 அன்னைக்கு பிபிசி ரேடியோல ராத்திரி 8.45 மணிக்கு செய்தி நேரம் வந்தப்ப, இன்னைக்கு செய்தி எதுவும் இல்லன்னு அறிவிச்சுட்டு மீதி நேரத்துக்கு பியானோ இசை போட்டாங்க. எனக்கு இது ரொம்ப பிடிச்ச சம்பவம். சொல்றதுக்கு ஒன்னும் இல்லன்னா சொல்ல மாட்டோம்னு ஒரு செய்தி நிறுவனத்தால சொல்ல முடிஞ்சிருக்கு! 1980 ஜூன் 1 அன்னைக்கு அமெரிக்கால சிஎன்என்னு ஒரு நியூஸ் சேனல் ஆரம்பிச்சப்ப அந்த வாய்ப்பு போயிடுச்சு, 24 மணி நேரமும் ஓடணும், நடந்தாலும் நடக்காட்டியும் நிரப்பணும். 2006 செப்டம்பர்ல ஃபேஸ்புக் நியூஸ் ஃபீட் வந்துச்சு, கீழ இழுக்க இழுக்க முடிவே இல்லாம வந்துக்கிட்டே இருக்குற ஸ்க்ரோலும் ஏறக்குறைய அந்த சமயத்துலதான் வந்துச்சு. அதோட கடைசி பக்கங்குற விஷயமே முடிஞ்சுது. முன்னாடி படிச்சு முடிச்சாச்சுன்னு மடிச்சு வெச்சாங்க. இப்ப நீங்களா நிறுத்துனாதான் உண்டு.

சரி, அதிகமா இருக்குன்றது மட்டும் ஒரு காரணமா? அத விட பெரிய காரணம் ஒன்னு இருக்கு, அது எத செய்தியா எடுக்குறாங்கங்குற தேர்வுல இருக்கு. செய்திங்குறது இயல்பாவே திடீர்னு நடக்குறதத்தான் பிடிக்கும். மெதுவா நடக்குறது அதோட கண்ணுல படாது. 1990-ல உலகத்துல 5 வயசு முடியுறதுக்குள்ள இறந்துபோன குழந்தைங்க ஒரு கோடியே 25 லட்சத்துக்கும் மேல. 2022-ல அது 49 லட்சம். தடுப்பூசி, சுத்தமான தண்ணி, உப்பு சர்க்கரை கரைசல், அம்மாங்க படிச்சதுன்னு பல விஷயம் சேர்ந்து வருஷத்துக்கு லட்சக்கணக்கான குழந்தைங்கள காப்பாத்திருக்கு, மனுஷ குலம் செஞ்சதுலயே பெரிய காரியம்னு இதத்தான் நான் சொல்லுவேன், ஆனா இந்த முப்பது சொச்சம் வருஷத்துல எந்த ஒரு நாள் காலைலயும் இது தலைப்புச் செய்தியா வந்திருக்க வாய்ப்பே இல்ல, ஏன்னா எந்த ஒரு நாள்லயும் இது நடக்கல, எல்லா நாளும் கொஞ்சம் கொஞ்சமா நடந்துச்சு. கெட்டதுக்கும் இதே கதைதான். நிலத்தடி தண்ணி இறங்குறது, ஆன்டிபயாட்டிக் மருந்துக்கு கிருமிங்க அசராம போறது, இதெல்லாம் வெடிக்கிற விஷயம் இல்ல, அதனால தினசரி செய்தியில ஒரு ஓரமாதான் வரும். ஆக தினமும் தவறாம நியூஸ் பாக்குறவருக்கு உலகம் தெரியும்னு நினைக்கிறோம், அவருக்கு தெரியுறது நேத்தைக்கும் இன்னைக்கும் நடுவுல திடீர்னு என்ன மாறுச்சுங்குறது மட்டும்தான். அது உலகத்துல ரொம்ப சின்ன பகுதி.

இந்த தேர்வு நம்ம மூளைக்குள்ள போய் என்ன பண்ணுதுங்குறதுக்கு ஒரு நல்ல விளக்கம் இருக்கு. 1973-ல ஆமோஸ் ட்வெர்ஸ்கி, டேனியல் கானமன்னு ரெண்டு உளவியலாளர்கள் எழுதுனது. ஒரு விஷயம் எவ்வளவு அடிக்கடி நடக்கும்னு நாம கணிக்கிறப்ப கணக்கு பாக்குறதில்ல, அதுக்கான உதாரணம் எவ்வளவு சுலபமா ஞாபகம் வருதுன்னு பாக்குறோம். சுலபமா ஞாபகம் வந்தா அடிக்கடி நடக்குதுன்னு முடிவு பண்ணிடுறோம். இத செய்தியோட சேர்த்து யோசிங்க. விமான விபத்து எப்பவாவது நடக்கும், நடந்தா நாள் பூரா அதே படம் ஓடும். சாலை விபத்து தினமும் உலகம் முழுக்க ஆயிரக்கணக்குல ஆள கொல்லுது, அது ஓடாது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு அப்புறம் அமெரிக்கர்கள் நிறைய பேர் விமானத்த விட்டுட்டு கார்ல போக ஆரம்பிச்சாங்க. ஜெர்மனிய சேர்ந்த உளவியலாளர் கெர்ட் கிகெரென்சர் அதுக்கப்புறம் வந்த 12 மாசத்து சாலை விபத்து கணக்க எடுத்து பாத்தார். வழக்கமா இருக்கறத விட ஏறக்குறைய 1500 பேர் கூடுதலா ரோட்டுல செத்திருக்காங்கன்னு அவரு கணிப்பு. அந்த தாக்குதலுக்காக கடத்துன நாலு விமானத்துல இருந்த பயணிகளோட எண்ணிக்கைய விட இது பல மடங்கு. பயம் தப்பான பக்கம் திரும்புனா ஆள கொல்லும்னு இத விட தெளிவா காட்ட முடியாது.

அடுத்தது எதிர்மறை. இதுக்கு பத்திரிகைக்காரங்கள மட்டும் திட்டுறது நியாயம் இல்ல, பாதி நம்ம விரல்ல இருக்கு. 2023-ல நேச்சர்ங்குற அறிவியல் இதழ் குழுமத்தோட இதழ் ஒன்னுல வந்த ஆராய்ச்சி, ஒரே செய்திக்கு வேற வேற தலைப்பு வெச்சு எது அதிகம் க்ளிக் ஆகுதுன்னு ஒரு தளம் செஞ்ச ஆயிரக்கணக்கான சோதனைகள எடுத்து அலசுச்சு. தலைப்புல ஒரு எதிர்மறை வார்த்தை கூடுனா க்ளிக் ஆகுற வாய்ப்பு 2.3 சதவீதம் கூடுது. கேக்க சின்ன நம்பர்தான். ஆனா நாள் முழுக்க, ஒவ்வொரு தலைப்புலயும், எல்லா போட்டி நிறுவனமும் இதே திசைல ஒரு ஒரு அடியா நகர்ந்தா எங்க போய் நிக்கும்னு பாத்துக்கோங்க. யாரும் கெட்ட எண்ணத்தோட பண்ண வேண்டியதே இல்ல, எது க்ளிக் ஆகுதோ அத அடுத்த தடவ கொஞ்சம் கூடுதலா பண்ணுவாங்க, அவ்வளவுதான்.

உடம்புக்கும் மனசுக்கும் என்ன ஆகுதுன்றதுக்கு ரெண்டு ஆராய்ச்சிய மட்டும் சொல்றேன். 1997-ல இங்கிலாந்துல 14 நிமிஷ டிவி செய்தி தொகுப்புகள தயார் பண்ணி சில பேருக்கு கெட்ட செய்தி மட்டும் உள்ளதையும் சில பேருக்கு சாதாரணமானதையும் நல்லதையும் போட்டு காட்டுனாங்க. கெட்ட செய்தி பாத்தவங்களுக்கு சோகமும் பதட்டமும் கூடுனது எதிர்பாத்ததுதான், அதோட அவங்க சொந்த கவலை, அந்த செய்திக்கு சம்பந்தமே இல்லாத வீட்டுக் கவலை, அதையும் பெருசாக்கி பாக்க ஆரம்பிச்சாங்க. இது எனக்கு ரொம்ப முக்கியமா படுது. எங்கயோ நடந்த கலவரத்த பாத்துட்டு, பொண்ணோட பரீட்சைய நினைச்சு ராத்திரி தூக்கம் வராம கிடக்குறோம், ரெண்டுக்கும் நடுவுல கோடு போட்டு பாக்குறதே இல்ல. இன்னொன்னு 2013 ஏப்ரல்ல அமெரிக்கால நடந்த பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்பு. அதுக்கப்புறம் வந்த வாரத்துல தினமும் ஆறு மணி நேரம், அதுக்கு மேல அத பத்தின செய்திய பாத்தவங்களுக்கு, சம்பவ இடத்துலயோ பக்கத்துலயோ இருந்தவங்கள விட கூட மன அழுத்த அறிகுறி அதிகமா இருந்துச்சுன்னு அடுத்த வருஷம் வந்த ஆய்வு சொல்லுச்சு. ஏற்கனவே பதட்டப்படுறவங்கதான் அதிகம் பாத்தாங்களா, பாத்ததாலதான் பதட்டமான்னு இத வெச்சு மட்டும் முழுசா பிரிச்சு சொல்ல முடியாது, அத மறைக்காம சொல்லிடுறேன். ஆனா 2020-ல கோவிட் பரவுனப்ப உலக சுகாதார நிறுவனமே பதட்டம் தர்ற செய்திய குறைங்க, நம்பகமான இடத்துல ஒரு நாளைக்கு ஒன்னு ரெண்டு தடவ குறிப்பிட்ட நேரத்துல மட்டும் பாருங்கன்னு மக்களுக்கு சொல்லுச்சு. ஒரு பெருந்தொற்று நடுவுல, செய்தி உயிர காப்பாத்துற நேரத்துல, சொன்ன அறிவுரை அது. சாதாரண நாள்ல நாம எவ்வளவு பாக்குறோம்னு இதோட வெச்சு பாருங்க.

இப்ப எதிர் தரப்பு. இத சும்மா ஒப்புக்கு சொல்லிட்டு போக நான் விரும்பல, ஏன்னா இதுல உண்மை இருக்கு, நியூஸ விடுறவங்க இதுக்கு பதில் வெச்சிருக்கணும்.

பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் சொன்ன ஒரு வாதம் எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். தேர்தலும் சுதந்திரமான பத்திரிகையும் ஒழுங்கா நடக்குற ஒரு ஜனநாயக நாட்டுல பெரும் பஞ்சம் வந்ததில்ல. காரணம் எளிமையானது, சாவு வெளிய தெரிஞ்சா ஆட்சியாளர்களுக்கு பயம் வரும், சோறு வண்டி நகரும். 1943-ல வங்காளத்துல ஜனங்க லட்சக்கணக்குல செத்துக்கிட்டிருந்தப்ப பிரிட்டிஷ் அரசு அத மூடி மறைச்சுது. அந்த ஆகஸ்ட்ல தி ஸ்டேட்ஸ்மேன் பத்திரிகைல ஆசிரியர் இயன் ஸ்டீஃபன்ஸ் பஞ்சத்துல விழுந்து கிடந்தவங்களோட போட்டோவ துணிஞ்சு போட்டார், அதுக்கப்புறம்தான் லண்டன் வரைக்கும் ஆடுச்சு. ஆக செய்தி ஆள காப்பாத்தும். இன்னொரு உதாரணம் சின்னது ஆனா கணக்கா இருக்கு. அமெரிக்கால உள்ளூர் பேப்பர் மூடுன இடங்கள்ல உள்ளாட்சி வாங்குற கடனுக்கு வட்டி காலப்போக்குல 0.05-ல இருந்து 0.11 சதவீதப் புள்ளி வரைக்கும் கூடுச்சுன்னு மூணு நிதித்துறை ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடிச்சாங்க. கேள்வி கேக்க ஆள் இல்லாத இடத்துல காசு எப்படி செலவாகும்னு கடன் குடுக்குறவனுக்கு தெரிஞ்சிருக்கு. எல்லாரும் என்ன மாதிரி பேப்பர நிறுத்திட்டா இந்த காவல் வேலைய யாரு பாப்பா?

இதுக்கு என் பதில் இது. செய்தி சேகரிக்கிற வேலை வேற, அத நான் மணிக்கு ஒரு தடவ பாக்குறது வேற. பஞ்சத்த நிறுத்துனது அந்த போட்டோ, அத பாத்து அழுத்தம் குடுத்தவங்க, முடிவு எடுக்குற இடத்துல இருந்தவங்க. தீயணைப்பு நிலையம் இருக்கணும்னா நான் தினமும் போய் தீ எரியுறத பாக்கணும்னு இல்ல, வரி கட்டுனா போதும். அதனால நியூஸ விடுறவங்க யாரா இருந்தாலும் நான் ஒன்னு கேட்டுக்குறேன், நல்லா உழைச்சு எழுதுற ஒரு பத்திரிகைக்கு, முக்கியமா உள்ளூர் விஷயத்த தோண்டி எழுதுறவங்களுக்கு, சந்தா கட்டுங்க. தினமும் படிக்காட்டியும் கட்டுங்க. இலவசமா வர்ற கூச்சல விட்டுட்டு காசு குடுத்து வர்ற உழைப்ப காப்பாத்துறோம்னு வெச்சுக்கோங்க. நியூஸ விட்டுட்டு சந்தாவையும் விட்டா அது பாதி நேர்மைதான்.

ஓட்டு போடுறவனுக்கு நாட்டு நடப்பு தெரிய வேணாமான்னு அடுத்து கேப்பாங்க. தெரியணும், கட்டாயம் தெரியணும். ஆனா நாலஞ்சு வருஷம் தினமும் யாரு யார என்ன சொன்னாங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தா ஓட்டு போடுற அன்னைக்கு தெளிவு கூடுமா? என் அனுபவத்துல கூடுறது வெறுப்புதான், யாரு மேலயோ. தேர்தலுக்கு முன்னாடி ரெண்டு மூணு வாரம் ஒதுக்கி, நிக்கிறவங்க யாரு, அவங்க சொத்து வழக்கு பத்தி குடுத்திருக்குற பிரமாண பத்திரம் என்ன சொல்லுது, போன தடவ சொன்னதுல எத செஞ்சாங்க, சபைல எதுக்கு ஓட்டு போட்டாங்கன்னு உக்காந்து படிச்சா தினசரி பாக்குற ஆள விட நீங்க நல்லாவே தயாரா இருப்பீங்க. இதுக்கு உழைக்கணும், அத சொல்லாம விட முடியாது. ஏன்னா இங்க ஒரு பொறி இருக்கு. நான் தேட வேணாம், முக்கியமானது எப்படியும் காதுக்கு வந்துடும்னு நம்புறவங்கள பத்தி ஹோமேரோ கில் டி சுனிகாங்குற ஆராய்ச்சியாளரும் அவரோட கூட்டாளிகளும் 2017-ல ஆராய்ச்சி வெளியிட்டாங்க. அந்த நம்பிக்கை உள்ளவங்களுக்கு அரசியல் அறிவு குறைவா இருந்துச்சு. தானா காதுல விழுறத மட்டும் நம்பி இருக்குறது ரொம்ப மோசமான நிலை, நியூஸ் பாக்குறதோட கெடுதலும் இருக்கும், படிக்காததோட கெடுதலும் சேர்ந்து இருக்கும். அரைகுறையா கேட்ட விஷயம் திரும்ப திரும்ப காதுல விழுந்தா பொய்யா இருந்தாலும் உண்மை மாதிரி தோண ஆரம்பிக்கும்னு 1977-லயே சோதனை பண்ணி காட்டிட்டாங்க. அதனால விடுறதுன்னா தேடிப் படிக்கிறத கூட்டணும், இல்லன்னா விடாதீங்க.

இன்னொரு கேள்விதான் எனக்கு ரொம்ப கனமானது. நியூஸ் பாக்காம இருக்க முடியுறதே ஒரு வசதி இல்லையா? உங்க தலை மேல குண்டு விழல, உங்க குடியுரிமைய யாரும் கேக்கல, அதனால உங்களால திரும்பிக்க முடியுது. ஆமா, உண்மைதான். போர் நடக்குற இடத்துல சொந்தக்காரங்க இருக்குறவங்ககிட்ட போய் நியூஸ நிறுத்துங்கன்னு நான் சொல்ல மாட்டேன், சொன்னா அது கொடுமை. சந்தை விலைய நம்பி தொழில் பண்றவங்க, பத்திரிகைல வேலை செய்றவங்க, நாளைக்கு எந்த விதி மாறும்னு தெரியாத விசாவுல வெளிநாட்டுல இருக்குறவங்க, இவங்களுக்கெல்லாம் இது பொருந்தாது. மத்தவங்களுக்கு நான் சொல்றது, அடுத்தவன் கஷ்டத்த பாக்குறதும் அவனுக்கு உதவுறதும் ஒன்னு இல்ல. ஒரு நாள்ல இருபது துயரத்த பாத்து இருபதுக்கும் உச்சு கொட்டிட்டு ஒன்னுக்கும் ஒன்னும் செய்யாம தூங்கப் போறத விட, ஒரே ஒரு விஷயத்த எடுத்துக்கிட்டு, அது அகதிங்களோ, கை கழுவப்பட்ட வயசானவங்களோ, ஒரு ஏரியோ, அத வருஷக்கணக்கா பிடிச்சுக்கிட்டு படிச்சு, காசு குடுத்து, நேரம் குடுத்து நிக்கிறது அடுத்தவனுக்கு நிஜமா பயன்படும். நியூஸ விட்டா மிச்சமாகுற மனசு எங்க போகணும்னு கேட்டா, இங்கதான் போகணும்.

சரி, எப்படி ஆரம்பிக்கிறது. ஒரே நாள்ல எல்லாத்தையும் வெட்டுறவங்க இருக்காங்க, அது சில பேருக்கு சரியா வரும். எனக்கு தெரிஞ்சு நிறைய பேருக்கு வேலை செய்றது படிப்படியா போறதுதான். முதல்ல போன்ல இருக்குற எல்லா நியூஸ் நோட்டிஃபிகேஷனையும் அணைங்க, ஒன்னு விடாம, கிரிக்கெட் ஸ்கோர் ஆப்புக்குள்ள ஒளிஞ்சிருக்குறதையும் சேர்த்து. பிரவுசர்ல புது டேப் திறந்தா கீழ தலைப்பு தலைப்பா வருமே, அதையும் செட்டிங்ஸ்ல போய் நிறுத்துங்க, நிறைய பேருக்கு அத அணைக்க முடியும்னே தெரியாது. இது மட்டுமே ஒரு பெரிய மாற்றம், ஏன்னா இனிமே நீங்களா போனாதான் செய்தி. அப்புறம் காலைல எழுந்த உடனேயும் ராத்திரி படுக்குறதுக்கு முன்னாடியும் போறத நிறுத்துங்க. அப்புறம் ஒரு நாளைக்கு ஒரு தடவ, அப்புறம் வாரத்துக்கு ஒரு தடவ. வாரத்துக்கு ஒரு தடவ ஒரு வார இதழோ ஞாயித்துக்கிழமை நீண்ட கட்டுரையோ படிக்கிற நிலையிலயே நிறைய பேர் நின்னுடுறாங்க, அது ஒன்னும் தோல்வி இல்ல, நல்ல இடம்தான். இங்கிலாந்துல 2011-ல இருந்து டிலேட் கிராட்டிஃபிகேஷன்னு ஒரு காலாண்டிதழ் வருது, மூணு மாசத்துக்கு முன்னாடி நடந்தத தூசி அடங்குனதுக்கு அப்புறம் திரும்ப போய் எழுதுறதுதான் அவங்க கொள்கையே. மூணு மாசம் கழிச்சும் படிக்கத் தகுந்ததா இருக்குற விஷயம் எவ்வளவு கம்மின்னு அப்பதான் புரியும்.

முதல் சில நாள் கை தானா போனுக்கு போகும். வரிசைல நிக்கிறப்ப, லிஃப்ட்ல, வேலைல ஒரு கஷ்டமான இடம் வந்தப்ப. அப்ப கவனிச்சீங்கன்னா ஒன்னு தெரியும், அந்த நேரத்துல நமக்கு தேவைப்பட்டது செய்தி இல்ல, அந்த சலிப்புல இருந்தோ கஷ்டத்துல இருந்தோ ஒரு நிமிஷம் தப்பிக்கிறதுதான். எப்பவாவது ஏதாவது பெருசா இருக்கும், எப்பன்னு தெரியாது, அதனாலதான் திரும்ப திரும்ப திறக்குறோம். எப்ப பரிசு வரும்னு தெரியாம இருந்தா பழக்கம் ரொம்ப கெட்டியா ஒட்டிக்கும்னு ஸ்கின்னர்னு ஒரு உளவியலாளர் புறாவ வெச்சு செஞ்ச சோதனைல இருந்தே தெரிஞ்ச விஷயம் இது. அந்த இடத்துல வேற ஒன்ன வைக்கலன்னா பழசு திரும்பி வந்துடும், அதனால போன்லயே ஒரு புத்தகத்த இறக்கி வெச்சுக்கோங்க, இல்ல சும்மா நில்லுங்க, சும்மா நிக்கிறதும் பழகிடும்.

அவசரமான விஷயம் தெரியாம போயிடுமேங்குற பயம் எல்லாருக்கும் வரும். புயல், வெள்ளம், நிலநடுக்கம் மாதிரி உயிர் ஆபத்துக்கு இப்ப பல நாட்டுல அரசாங்கமே அந்த பகுதில இருக்குற எல்லா போனுக்கும் நேரா சத்தமான எச்சரிக்கை அனுப்புற ஏற்பாடு இருக்கு, செல் பிராட்காஸ்ட்னு சொல்வாங்க, அதுக்கு எந்த ஆப்பும் வேணாம், அந்த செட்டிங் மட்டும் ஆன்ல இருக்கான்னு பாத்துக்கோங்க. வானிலைக்கு வானிலை துறை தளம். வேலை சம்பந்தமான விதி மாற்றத்துக்கு அந்த துறையோட அறிவிப்பு பக்கம், மாசத்துக்கு ஒரு தடவ. வீட்டுல ஒருத்தர்கிட்ட, நெஜமாவே நம்மள பாதிக்கிறது ஏதாவது வந்தா சொல்லுங்கன்னு சொல்லி வைக்கலாம், ஆனா அவங்கள உங்க நியூஸ் சேனலா மாத்திடாதீங்க, நீங்க விட்ட பாரத்த அவங்க தலைல ஏத்துறது சரியில்ல.

பழகுறவங்க நடுவுல கொஞ்சம் சங்கடம் வரும். பேச்சு அங்கதான் ஆரம்பிக்கும், அந்த விஷயம் பாத்தீங்களான்னு. பாக்கல, என்ன ஆச்சு சொல்லுங்கன்னு கேட்டா போதும். அவங்க சொல்றப்ப அவங்களுக்கு அதுல எது வலிக்குது, எது பயமா இருக்குன்னு தெரிய வரும், அது செய்திய விட நல்ல பேச்சு. ஒன்னே ஒன்னு கட்டுப்பாடா வெச்சுக்கணும். நியூஸ் பாக்காதவங்க அன்னன்னைக்கு நடக்குறத பத்தி தீர்ப்பு சொல்லக் கூடாது. ஃபார்வர்டு பண்ணக் கூடாது. எனக்கு இத பத்தி தெரியாதுன்னு சொல்ல பழகணும், கூச்சப்படாம. அதே மாதிரி பாக்குறவங்கள மட்டமா நினைக்கிறதும் வேணாம், வயசான அப்பா சாயங்காலம் நியூஸ் போட்டா அது அவருக்கு வெளி உலகத்தோட இருக்குற ஒரே கதவா இருக்கலாம். சத்தத்த கொஞ்சம் குறைக்கச் சொல்லிட்டு பக்கத்துல உக்காந்து வேற எதையாவது பேசலாம்.

கடைசியா, ரொம்ப பெரிய சம்பவம் ஏதாவது நடந்தா என்ன பண்றது, ஏன்னா அது எப்படியும் உங்க காதுக்கு வரும், வந்த உடனே உள்ள போய் பாக்கணும்னு ஒரு இழுப்பு வரும். அப்ப நேரலைய தவிர்த்துடுங்க. முதல் சில மணி நேரத்துல வர்றதுல தப்பு ரொம்ப அதிகம். பாஸ்டன் குண்டுவெடிப்புலயே ரெண்டு நாள் கழிச்சும் கூட சிஎன்என் உட்பட சில பெரிய நிறுவனங்கள் ஒருத்தர கைது பண்ணியாச்சுன்னு சொல்லிட்டாங்க, விசாரிச்ச அமெரிக்க புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ அப்படி யாரையும் கைது பண்ணலன்னு மறுத்துச்சு. உங்க ஊரோ உங்க ஆளுங்களோ அதுல இருந்தா நேரா போன் போட்டு கேளுங்க. ரத்தமோ காசோ ஆளோ தேவைப்படுதுன்னு தெரிஞ்சா அத முதல்ல குடுங்க, அதுக்கு முழு விவரம் தெரியணும்னு இல்ல. மத்தபடி ரெண்டு மூணு நாள் பொறுத்து, பேரு போட்டு பொறுப்பெடுத்து எழுதுன ஒரு நீண்ட கட்டுரைய தேடி, ஒரே மூச்சுல முழுசா படிச்சுடுங்க.